மதில் ஏறத் தெரியாத முதலாளியும் குளத்து மண் ஓட்டமும்

எங்கள் ஊரில் நல்ல காரியத்துக்கு ஆள் கூப்பிட்டால் ஆறு பேர் வருவார்கள். போட்டி என்று சொன்னால் பாயில் கிடக்கிறவனும் எழும்பி வருவான். இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் எங்கள் ட்ரில் மாஸ்ரர். அவர் கண்டுபிடித்ததால்தான் குளத்து மண் ஓட்டம் என்ற ஒன்று உண்டானது. அதன் சரித்திரத்தை எழுத உனக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கக்கூடும். முதல் மூன்று ஓட்டத்திலும் ஓடியவன் நான். ஓட முயன்றவன் என்று சொன்னால் என் மனைவி சண்டைக்கு வரமாட்டாள்.

ஊர் சுருவிலுக்குப் பக்கம். சுற்றிவரக் கடல். வெட்டுகிற கிணறெல்லாம் உவர். குளத்தடியில் மட்டும் ஒரு கிணறு உண்டு. எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான் தருமத்துக்கு வெட்டிவிட்டது. தேத்தண்ணி போட அந்தத் தண்ணீர்தான். மாரியில் குளம் நிரம்பினால் கிணறு இனிக்கும். குளத்தில் வண்டல் ஏறி ஆழம் குறைந்தால், சித்திரை பிறக்க முன்னரே கிணறும் உப்புக் கரிக்கத் தொடங்கிவிடும். ஆகவே ஆவணியில், மழைக்கு முன்னர், குளத்து மண்ணை அள்ளி வெளியே போடவேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். மற்றவன் அள்ளட்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு அடுத்த வருசம் மாஸ்ரர் கூலியில்லாமல் குளத்து மண் அள்ளச் சிரமதானத்துக்கு ஆள் கூப்பிட்டார். ஆறு பேர் போனோம். நான் போனதற்குக் காரணம் தரும சிந்தனை அல்ல. எனக்கு வேறு வேலை இல்லை. மலையடிவாரத்தில் ஒரு சின்னப் பட்டணத்தில் பதினாறு வருசம் பலசரக்குக் கடை வைத்திருந்தவன், ஒரு பகலில் கடை எரிந்துபோக, அகதிக் கப்பலில் உடுத்த சாரத்தோடு வந்து இறங்கியிருந்தேன். ஊரில் எல்லோரும் என்னை இன்னமும் ‘முதலாளி’ என்றுதான் கூப்பிட்டார்கள். கடை இல்லாத முதலாளி, பல்லில்லாத சீப்பு. கல்லாவில் இருந்து இருந்து வளர்த்த வயிறு மட்டும் மிச்சம்.

எங்கள் பகுதியில் யாவாரிகளின் வழக்கம் ஒன்று உண்டு. ஆம்பிளை தெற்கே கடையில் இருப்பான். பெண்சாதி ஊரில் சீதன வீட்டில் இருப்பாள். வருசப்பிறப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும் அவன் பெட்டியோடு வருவான், பத்து நாளில் போய்விடுவான். எனக்குக் கல்யாணமாகி எட்டு வருசம், பிள்ளைகள் இல்லை. கலவரத்துக்கு முன்னர் நாங்கள் இரண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழே இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருசம் தேறாது. திடீரென்று நாள் முழுக்க வீட்டில் நிற்கிற புருசனை என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை. விறாந்தையைக் கூட்டுகிறபோது என்னையும் சேர்த்துக் கூட்டுவாள். “கொஞ்சம் அங்காலை தள்ளி இருங்கோ” என்பது அந்த வருசம் நான் அதிகம் கேட்ட வசனம்.

மாஸ்ரர் இங்கிலிசுக்காரனுடைய சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். திருகோணமலையில் ஒரு பீரங்கிக்குப் பக்கத்தில் மூன்று வருசம் காவல் நின்றதாகவும், அந்தச் சண்டையில் தன்னைக் கடித்தது நுளம்பு மட்டும்தான் என்றும் அவரே சொல்வார். ஆனால் காக்கிக் காற்சட்டையையும் விசிலையும் விடவில்லை. அன்றைக்கு ஆறு பேரையும் வரிசையாக நிற்கவைத்து இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார். எத்தனை தரம் எண்ணினாலும் ஆறுதான்.

“சரி, வீட்டை போங்கோ” என்றார். “இந்தச் சனத்துக்குத் தருமம் விளங்காது. வேற மருந்து வைச்சிருக்கிறன்.”

அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் அறிவித்தார். குளத்துக்கு வடக்குப் பக்கமா தெற்குப் பக்கமா கெட்டிக்காரர் என்று பார்க்கப் பட்டாளத்து ஓட்டம் நடக்கும். கிணற்றடியில் தொடங்கி, ஆள் உயரத்துக்கு அடுக்கிய பனங்குற்றி மதிலை ஏறிக் குதிக்கவேண்டும். வெட்டை வெளியில் விரித்துக் கட்டிய மீன்பிடி வலைக்குக் கீழே நெஞ்சால் ஊரவேண்டும். முழங்கால் சேற்றில் குளத்தின் நடுவுக்குப் போய், ஒரு சாக்கு மண் அள்ளி, முதுகில் சுமந்து, குளக்கட்டில் ஏறிக் கொட்டிவிட்டு, அங்கே தொங்குகிற பள்ளிக்கூட மணியை அடிக்கவேண்டும். மணி அடிக்காதவன் ஓடாதவன். எந்தப் பக்கத்து மண் குவியல் பெரிதோ அந்தப் பக்கத்துக்கு ஒரு கிடாய் ஆடு. ஆட்டைக் கொடுத்தவர்கள் புகையிலைத் தோட்டக்காரர்கள். குளத்து வண்டல் புகையிலைக்கு நல்ல எரு. கூலியில்லாமல் மண் கட்டுக்கு வந்தால் அவர்களுக்கு ஒரு ஆடு பெரிதா?

ஆறு பேர் வந்த குளத்துக்கு எழுபது பேர் வந்தார்கள். அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்க்கிற துரைமார் காற்சட்டையை மடித்துக்கொண்டு நின்றார்கள். ஊர்காவற்றுறை பஸ்சின் கொண்டக்ரர் லீவு போட்டுவிட்டு வந்து நின்றான். ஒரு முழு நாள், விழுந்தவனைப் பார்த்து மற்றவன் சிரித்து, சிரித்தவன் விழுந்து, குளத்தில் ஒரு முழ ஆழம் மண் போயிருந்தது. ஒருத்தனுக்கும் தான் சிரமதானம் செய்தது தெரியாது.

நான் அந்த முதல் ஓட்டத்தில் இரண்டு பிழை விட்டேன். பனங்குற்றி மதிலுக்கு முன்னால் போய் நின்று பார்த்தேன். உயரமாக இருந்தது. பக்கத்தில் வழி இருந்தது. சுற்றிக்கொண்டு போனேன். மாஸ்ரர் விசிலை ஊதியபடி பின்னால் ஓடி வந்ததை நான் கவனிக்கவில்லை. இரண்டாவது பிழை குளத்துக்குள். எல்லோரும் சாக்கில் அரைவாசிக்கு மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. பதினாறு வருசம் நிறை குறையாமல் நிறுத்துக் கொடுத்தவன். நான் சாக்கை விளிம்புவரை நிரப்பி, குலுக்கி இறக்கி, மேலும் போட்டு, வாயைச் சுருக்கிக் கடை முடிச்சுப் போட்டேன். அது முடிகிறபோது பக்கத்தில் ஒருவன் கால் சாக்கோடு கிளம்பினான்.

“டேய், இது என்ன சாக்கு? சனத்தை ஏமாத்திறியோ?” என்று நடுச்சேற்றில் அவனைப் பிடித்துவைத்துக்கொண்டு சண்டை போட்டேன். அவன் தெற்குப் பக்கம், என் பக்கம். எங்கள் பக்கத்தார் குளக்கட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்கள்.

சண்டை முடிந்து சாக்கை முதுகில் ஏற்றியபோது ஊர் கொஞ்சம் வாயைப் பிளந்தது உண்மை. சீனி மூட்டையும் அரிசி மூட்டையும் இறக்கி ஏற்றிப் பழகிய முதுகு. நாலு பேர் தூக்குகிற பாரத்தைத் தனியே குளக்கட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன். மணியில் கை வைக்கப் போக, மாஸ்ரர் என் கையைப் பிடித்தார்.

“முதலாளி, மதிலைச் சுத்தி வந்தனீர். மணியடிக்க ஏலாது.”

“மதிலைச் சுத்தினால் என்ன, மண் வந்ததுதானே?”

“மண் வந்தது. நீர் வரேல்லை.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சாக்கையும் கட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வருசம் ஆனி மாதம் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் என் கடை இருந்த வளவின் சொந்தக்காரர், ஒரு சிங்களவர். எரிந்த கடையைத் திருத்திக் கூரை போட்டாயிற்று, வேறு ஆளுக்குக் கொடுக்க மனமில்லை, நீ வந்து திற என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. கல்லாவும், சீனி மூட்டையின் மணமும், விடிய ஐந்து மணிக்குப் பலகைக் கதவைக் கழற்றுகிற சத்தமும் நினைவுக்கு வந்தன. கடைதான் நான். கடை இல்லாமல் விறாந்தையில் இருந்த இரண்டு வருசமும் நான் எனக்கே யாரோ போல இருந்தேன்.

மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

“அண்டைக்கு என்ன நடந்தது எண்டு எனக்குச் சொன்னனீங்கள், ஞாபகமிருக்கோ?” என்றாள்.

சொல்லியிருந்தேன். கூட்டம் கடைத்தெருவுக்குள் வந்தபோது என்னிடம் வேலைக்கு நின்ற இரண்டு பேரும் பின் மதிலால் ஏறிக் குதித்து ஓடிவிட்டார்கள். நானும் மதிலடிக்குப் போனேன். ஏற முடியவில்லை. கையைப் போட்டுத் தொங்கிக்கொண்டு நின்றேன். இந்தக் கடிதம் எழுதிய மனுசன்தான் வந்து சாரத்தில் பிடித்து இழுத்து, தன் வீட்டுக் குசினியில் விறகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

“அந்த மனுசன் அண்டைக்கு வீட்டிலை நிண்டது உங்கடை அதிட்டம். ஒவ்வொருக்காலும் நிப்பாரோ?” திருவலையைத் தள்ளிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “மாஸ்ரரின்ரை மதிலை ஏறிக் குதிச்சு, ஓட்டத்தை முடிச்சு, மணியை அடியுங்கோ. அடிச்சால் போங்கோ, நான் மறிக்கமாட்டன். இல்லாட்டி இஞ்சையிருந்து மிளகாய்க்குத் தண்ணி இறையுங்கோ.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. யாவாரத்தில் ஒரு வாக்குக்கு ஒரு வாக்கு. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆனி மாதத்தில் சரி என்று சொன்னவன் ஆவணிவரை ஒரு பயிற்சியும் எடுக்கவில்லை. ஏறுவதற்கு என்ன பயிற்சி என்ற எண்ணம். இரண்டாவது ஓட்டத்தில் மதிலைப் பிடித்து, காலை உந்தி, மூச்சைப் பிடித்து, உச்சிக்கு ஏறியும்விட்டேன். ஏறிய பிறகுதான் ஒரு விசயம் தெரிந்தது. ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம், நடுவில் வயிறு. இங்காலும் வர முடியாது, அங்காலும் போக முடியாது. எனக்குப் பக்கத்தால் வடக்குப் பக்கத்தாரும் தெற்குப் பக்கத்தாரும் ஏறிக் குதித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். போகிறவன் எல்லாம் என்னை அண்ணாந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனான். கொண்டக்ரர், “முதலாளி, இறக்கமோ?” என்று கேட்டான்.

மாஸ்ரர் வந்து கீழே நின்றார். “அது குதிரை இல்லை, இறங்கும்!”

“இறங்கத் தெரிஞ்சால் இறங்கமாட்டனோ?”

கடைசியில் பனைக்கு வைக்கிற ஏணி கொண்டுவந்து இரண்டு பேர் என்னைத் தூக்கி இறக்கினார்கள். வெட்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். குளக்கட்டில் பெண்கள் நின்ற பக்கத்தில் ஒரு சிரிப்புக் கேட்டது. தலையை நிமிர்த்திப் பார்த்தேன். என் மனைவி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பக்கத்தில் நின்றவளின் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கப்பலால் வந்து இறங்கிய நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. முதலில் கோபம் வந்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிசம் நான் சந்தோசமாக இருந்தேன்.

ஆனால் வாக்கு வாக்குத்தான். வளவுக்காரருக்கு உண்மையை எழுதினேன். ஓட்டத்தில் தோற்றதால் வர முடியவில்லை என்று வந்த கடிதத்தை அந்த மனுசன் என்ன நினைத்து வாசித்தாரோ தெரியாது. இன்னும் ஒரு வருசம் கடையைப் பூட்டிவைக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்று பதில் போட்டார்.

மூன்றாவது வருசம் நான் விளையாடவில்லை. விடியப்புறம் எழும்பி எங்கள் வளவு மதிலில் ஏறிப் பழகினேன். ஏறுவேன், விழுவேன், சாரத்தைத் தட்டிவிட்டு மறுபடி ஏறுவேன். பக்கத்து வீட்டு அண்ணை நாலு நாள் பார்த்துவிட்டு, “முதலாளி, வாசல் படலை திறந்துதானே கிடக்கு?” என்று கேட்டார். மனைவி பிட்டை அரைவாசியாகக் குறைத்தாள். இரவில் கூழ்தான். சுருவில்வரை நடந்து போய் நடந்து வந்தேன். பங்குனிக்குள் சாரத்தை இன்னொரு சுற்றுச் சுற்றிக் கட்டவேண்டி வந்தது. வைகாசியில் ஒரு நாள் மதிலுக்கு அங்கால் காலில் போய் நின்றேன். தலையில் அல்ல, காலில். வீட்டுக்குள் ஓடிப்போய் மனைவிக்குச் சொன்னேன். “வளவு மதில் இடுப்பளவு. மாஸ்ரரின்ரை ஆள் உயரம்” என்றுவிட்டுத் துணி மடித்தாள்.

அந்த வருசம் நாடு இன்னும் கெட்டிருந்தது. ஆமியின் கெலிகொப்ரர் அடிக்கடி தலைக்கு மேலால் போனது. ஐம்பது பேர் வலைக்குக் கீழே நெஞ்சால் ஊருவதை மேலே இருந்து பார்க்கிறவன் என்ன நினைப்பான்? ஓட்டத்தையே விட்டுவிடுவோம் என்று சிலர் சொன்னார்கள். மாஸ்ரர் விடவில்லை. வலைக்கு மேலே கிடுகால் நீளப் பந்தல் போட்டு, வாழை கட்டி, தோரணம் கட்டி, மேளக்காரருக்கும் சொல்லிவிட்டார். “மேலை இருந்து பாத்தால் கலியாண வீடு” என்றார். உண்மையாகவே வழியால் போன இரண்டு பேர், யார் வீட்டுக் கலியாணம், எங்களுக்குச் சொல்லவில்லையே என்று கோபித்துக்கொண்டு போனார்கள்.

இன்னொரு சிக்கலும் வந்தது. பெண்கள் மாஸ்ரரிடம் போய் நின்றார்கள்.

“கிணத்திலை தண்ணி அள்ளுறது நாங்கள். சுமக்கிறது நாங்கள். ஓடுறது மட்டும் ஆம்பிளையளோ?”

மாஸ்ரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “பட்டாளத்திலை பொம்பிளையள் இல்லைப் பிள்ளையள்.”

“அதுதான் உங்கடை சண்டையிலை நுளம்பு மட்டும் கடிச்சது” என்று ஒருத்தி சொன்னாள்.

மாஸ்ரர் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒத்துக்கொண்டார். பெண்களுக்குக் காலையில் தனி ஓட்டம். சாக்குக்குப் பதில் பனையோலைக் கடகம். மற்றதெல்லாம் அதே மதில், அதே வலை, அதே சேறு.

ஓட்டத்தன்று காலை நான் குளத்துக்குள் நின்று மண்ணை வெட்டி இளக்கிக்கொண்டிருந்தேன். விசில் கேட்டது. பெண்கள் வருகிறார்கள் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மதிலுக்கு மேலால் முதலில் ஒரு பெட்டை குதித்தாள், பிறகு ஒருத்தி. மூன்றாவதாக இரண்டு கை மதில் உச்சியில் தெரிந்தது. பிறகு ஒரு தலை. என்னுடைய பழைய சட்டையைப் பாவாடைக்கு மேல் போட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு என் மனைவி மதிலைத் தாண்டிக் குதித்தாள். உச்சியில் ஒரு நிமிசம்கூட நிற்கவில்லை. எனக்கு மண்வெட்டி கையை விட்டு நழுவியது. ஓடப்போவதாக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. சேற்றுக்குள் வந்து, எனக்கு நாலு முழத்துக்கு அப்பால் கடகத்தை நிரப்பினாள்.

“இஞ்சரும், நீர் எப்ப...” என்று தொடங்கினேன்.

“கதைக்க நேரமில்லை” என்றுவிட்டுக் கடகத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள். நாளுக்கு நாலு குடம் சுமக்கிற கழுத்து. ஒரு சொட்டு மண் சிந்தவில்லை. மூன்றாவதாக மணியடித்தாள். ஊர் கத்தின கத்தில் காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. நானும் கத்தினேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

மத்தியானம் எங்கள் ஓட்டம். விசில் ஊதியது. கடை இந்த மதிலுக்கு அங்கால் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். முதல் தரம் கை வழுக்கி விழுந்தேன். இரண்டாம் தரம் முழங்கால் உரசித் தோல் போனது. மூன்றாம் தரம் உச்சிக்கு வந்தேன். போன வருசம் குதிரை ஓடிய அதே இடம். கண்ணை மூடிக்கொண்டு மற்றக் காலையும் தூக்கிப் போட்டேன். விழுந்தேன் என்றுதான் சொல்லவேண்டும், ஆனால் அங்கால் பக்கம் விழுந்தேன்.

மேளச் சத்தத்துக்குக் கீழே வலைக்குள் ஊர்ந்தேன். குளத்தில் சாக்கை நிரப்பினேன், விளிம்புவரைதான். அந்தப் பழக்கத்தை என்னால் விட ஏலாது. குளக்கட்டில் ஏறுகிறபோது எனக்குப் பின்னால் இரண்டு பேர்தான் மிச்சம். மாஸ்ரர் மணிக்குப் பக்கத்தில் அற்றென்ஷனில் நின்று எனக்கு ஒரு சலூட் அடித்தார். மணியை எத்தனை தரம் அடித்தேன் என்று தெரியாது. கயிறு அறுந்து கையோடு வந்தபோதுதான் விட்டேன்.

மனைவி கிணற்றடியில், காய்ந்த சேற்றோடு, கப்பியில் தண்ணீர் அள்ளி என் தலையில் ஊற்றினாள். முழங்கால் எரிந்தது. எனக்கு அது ஒன்றும் பெரிதில்லை.

“அடிச்சிட்டன்” என்றேன்.

“ஓம், கேட்டது. காரைநகருக்கும் கேட்டிருக்கும்.”

“அப்ப நான் போகலாம்தானே?”

“போகலாம். நானும் வாறன்.”

பகிடி விடுகிறாள் என்று நினைத்தேன். எங்கள் பகுதியில் யாவாரியின் பெண்சாதி கடைக்குப் போவதில்லை. அவளுடைய அம்மா போகவில்லை, என்னுடைய அம்மா போகவில்லை. அங்கே கடைக்குப் பின்னால் ஒரு அறையும் புகை பிடித்த ஒரு குசினியும்தான் உண்டு என்று சொன்னேன். பயமான இடம் என்றும் சொன்னேன்.

“பயமான இடம் எண்டுதான் வாறன்.” வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்தாள். “கடை எரிஞ்சது எண்டு ரேடியோவிலை ஊர்ப்பேர் சொன்ன நாளிலையிருந்து ஒன்பது நாள். நீங்கள் இருக்கிறியளோ இல்லையோ எண்டு தெரியாமல் ஊர்காவற்றுறை பஸ் வாற நேரமெல்லாம் ஒழுங்கை முகப்பிலை போய் நிண்டனான். பஸ்சிலை வந்து இறங்கின ஆக்களின்ரை முகத்தைப் பாக்கப் பயந்து காலைத்தான் பாத்தனான். இன்னொருக்கா அப்பிடி நிக்க என்னாலை ஏலாது. அதுதான் நானும் ஏறிப் பாத்தன். ஓடுறதெண்டால் ரெண்டு பேருமாய் ஓடுவம்.”

எனக்கு அழுகை வந்தது. முகம் முழுக்கத் தண்ணீராக இருந்தபடியால் சமாளித்தேன். இந்த மூன்று வருசத்தில் அந்த ஒன்பது நாளைப் பற்றி அவளிடம் ஒரு தரமும் நான் கேட்டதில்லை.

அடுத்த கிழமை யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் எத்தனை என்று கேட்கமுன்னரே, பத்தொன்பது வருசத்தில் முதல் தடவையாக, இரண்டு ரிக்கற் என்று சொன்னேன்.